உறைந்த பாரம்

சிதம்பரநாதன் ஜெயிலுக்குப் போக வேண்டும். மூன்று வருடமாக எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. என் வயதுப் பெண்களுக்குக் கல்யாணம், வீடு, வெளிநாடு என்று வரிசையாக ஏதேதோ இருந்தது. எனக்கு அந்த இடம் முழுவதையும் இந்த ஒரு மனிதர் பிடித்துக்கொண்டிருந்தார். பல் தேய்க்கும்போதும் அவர்தான், விளக்கை அணைக்கும்போதும் அவர்தான். காதலில் விழுந்தவர்கள்கூட ஒருவரை இவ்வளவு நினைத்திருக்க மாட்டார்கள்.

அவர் மிதவை மோட்டார்ஸின் எம்.டி. நான் அதே கம்பெனியின் ஊட்டி ஆய்வகத்தில் எண்ணெய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். என் தம்பி தனிஸ்லாஸ் அவருடைய வீட்டு டிரைவர். நான் ஆய்வகத்தில் சேர்ந்தபோது அவன் கோயம்புத்தூர் சிறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

மிதவை கார் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஸ்பிரிங் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு கால்கள், அவற்றுக்குள் இரும்புத் துகள் கலந்த எண்ணெய், அதன் மேல் கொஞ்சம் வாயு. மின்சாரம் பாய்ந்தால் எண்ணெய் இறுகும், இளகும். எந்த மூலையில் எவ்வளவு கனம் உட்கார்ந்திருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி அந்தக் கால் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மேட்டுப்பாளையம் சாலைக் குழிகளில் போனாலும் மடியில் வைத்த டீ சிந்தாது. இரவில் வண்டி வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்ளும். காலையில் கிளப்பினால் எழுந்து நிற்கும். சமவெளியில் இது கண் மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். எங்கள் ஊர் உறைபனியில் எண்ணெய் கெட்டித்துப்போய், வண்டி முனகிக்கொண்டே நிதானமாகத்தான் எழும்.

அதனால் எங்கள் மலையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. வண்டி எழுந்து முடிக்கும்வரை யாரும் ஏற மாட்டோம். கையில் டீ டம்ளருடன் சுற்றி நின்று காத்திருப்போம். மார்கழிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். கீழேயிருந்து வந்த உறவினர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழாத வண்டியை எடுத்தால் கால்கள் விறைத்தே இருக்கும், வளைவில் சக்கரம் தரையைப் பிடிக்காது. ஸ்டீயரிங் திரும்பும், வண்டி திரும்பாது.

அந்த ஜனவரிக் காலையில் கேத்தி வளைவில் அதுதான் நடந்தது. காரட் தோட்டத்துக்கு லாரி வருமென்று சாலையோரம் நின்றிருந்த லோகமணி என்ற பெண்மேல் வண்டி நேராகப் போய் ஏறியது. போலீஸ் வந்தபோது தனிஸ் வண்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான்தான் ஓட்டினேன், அவசரத்தில் எழுவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன் என்றான். ஐந்து வருடம் கொடுத்தார்கள்.

பொய் என்று எனக்குக் கேட்டவுடனே தெரிந்தது. தனிஸ் வண்டி விஷயத்தில் ஒரு பைத்தியம். பானட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, முனகல் நிற்கும்வரை அசைய மாட்டான். எம்.டி.யோ லிஃப்ட் பொத்தானை மூன்று தடவை அமுக்குகிறவர், தீபாராதனையின்போதுகூட வாட்சைப் பார்க்கிறவர். நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். ஓட்டியது அவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த என் தம்பியை மிரட்டியோ கெஞ்சியோ தம் இடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டிருக்கிறார். அந்த இட்லியை நினைத்து நினைத்து என் வயிறு எரிந்தது.

சிறையில் பார்க்கப் போகும்போதெல்லாம் கேட்பேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்க்கா ஓட்டினேன், விட்டுரு" என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை பிடுங்க முடியாது.

தீர்ப்புக்குப் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. மிதவை ஆய்வகத்துக்கு நான் முன்பே விண்ணப்பித்து, இடமில்லை என்று பதில் வந்திருந்தது. இப்போது திடீரென்று வேலை உத்தரவு வந்தது. யாரோ ஒருவர் விலகியிருப்பார், அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அதிர்ஷ்டம்கூட இல்லை, ஆண்டவரே கதவைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். எதிரியின் வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி. அ. ஜெசிந்தா என்ற பெயரைப் பார்த்து இவள் டிரைவர் தனிஸ்லாஸின் அக்கா என்று யாருக்குத் தெரியப்போகிறது? நான் யாரிடமும் சொல்லவில்லை. எம்.டி. ஆய்வகத்துக்கு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளுக்குள் பல்லைக் கடித்தேன்.

வழி கிடைத்தது இரண்டாவது குளிர்காலத்தில். குளிரில் வண்டியைக் கிளப்பும் சோதனைக்காக ஒற்றைக் காலை மேடையில் பொருத்தி, மேலே எடைக்கல் ஏற்றியிருந்தேன். கிளப்பிய உடனே மின்சாரம் போய்விட்டது. மறுநாள் கல்லை இறக்கிவிட்டுக் கிளப்பினேன். கால் எழுந்தது, எழுந்துகொண்டே போனது. மேலே இல்லாத கல்லைத் தூக்குவதற்கு எவ்வளவு தெம்பு வேண்டுமோ அவ்வளவும் போட்டு எழுந்தது. பிறகு ஹீட்டர் சூடேறி, ஒன்றும் நடக்காததுபோல இறங்கிச் சமமாக நின்றது. ஆய்வகத் தலைவி பத்மஜா மேடத்திடம் சொன்னேன். சின்னப் பிழை, மென்பொருளில் திருத்திவிடலாம் என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போன பிறகு என்னால் ஒரு வாய் சோறு உண்ண முடியவில்லை. சந்தோஷத்தால்.

மறுநாளே வக்கீல் போஜனிடம் போனேன். பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ள மனிதர்.

"சட்டம்னா நான் பேசுவேன். எண்ணெய்ன்னா எனக்குத் தாளிக்கிறது மட்டும்தான் தெரியும். புரியற மாதிரி சொல்லும்மா," என்றார்.

"மெத்தையில ஒருத்தர் படுத்து எழுந்தா பள்ளம் விழுதில்ல சார்? கொஞ்ச நேரத்துல மெத்தை சரியாயிரும். இந்த எண்ணெயும் சூடா இருந்தா அப்படித்தான். ஆனா சூடேறாத நேரத்துல சட்டுன்னு மின்சாரம் அறுந்துபோச்சுன்னா, அந்த நொடியில எந்த மூலையில எவ்வளவு பாரம் இருந்துச்சோ அப்படியே பிடிச்சுக்கும். அப்புறம் ஆள் இறங்கினாலும் விடாது. கேத்தி வளைவுல மோதினவுடனே பேட்டரி அறுந்துபோச்சு. வண்டி அப்ப சூடேறவே இல்ல."

"எத்தனை நாளைக்குப் பிடிச்சு வெச்சிருக்கும்?"

"நாப்பது டிகிரி சூடு படற வரைக்கும்."

"நம்ம ஊர்லயா?" என்று அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார். "ஓட்டினவரு நம்ம ஊர் வழக்கப்படி காத்திருந்து, வண்டியைச் சூடாக்கி எடுத்திருந்தா?"

"அந்த அம்மா செத்திருக்க மாட்டாங்க. நமக்குச் சாட்சியும் இருந்திருக்காது. அவரோட அவசரம்தான் சார் அவரை மாட்டிவிடப் போகுது."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வண்டியைக் கிளப்பினால்தான் கால்கள் எழும், பாரம் தெரியும். கிளப்பினால் ஹீட்டரும் ஓடும், எண்ணெய் இளகிவிடும். ஒரே ஒரு தடவைதான் பார்க்க முடியும். அதற்குப் பிறகு அந்த வண்டி ஊமை. அதுவும் நல்ல பனிக்காலையில் செய்தால்தான் இளகுவதற்குக் கொஞ்சம் நேரமெடுக்கும், அளந்து படிக்க முடியும்.

வண்டி மூன்று வருடமாகக் காவல் நிலையத்துக் கொட்டகையில் கிடந்தது. ஏலத்தில் விடப்போவதாகவும், திருப்பூர்க்காரர் ஒருவர் கேட்டிருப்பதாகவும் போஜன் விசாரித்துவந்து சொன்னார். சித்திரை வெயிலில் அந்த வண்டி திருப்பூரில் ஒரு மத்தியானம் நின்றால் போதும், என் தம்பியின் கதை முடிந்தது. மேல்முறையீட்டு மனுவோடு அதற்கும் தடை வாங்கினோம். மனுவில் என் பெயர் நிபுணர் என்ற இடத்தில் இருந்தது. உடன்பிறந்தவள் சொன்னால் எடுபடுமா என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்பதால், ஒரு பல்கலைக்கழகத்திலும் அதே சோதனையைச் செய்யச் சொல்லிச் சான்று வாங்கி வைத்தோம்.

மனு போன அன்று பத்மஜா மேடத்தின் மேசையில் என் அடையாள அட்டையை வீசிவிட்டு வந்தேன். மெதுவாக வைத்திருக்கலாம். வீசத்தான் தோன்றியது. அவர் அதிர்ந்துபோய், இப்படி ஒரு வேலை உனக்கு இனி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். எதற்காக இந்த வேலையில் இருந்தேனோ அது முடிந்துவிட்டது என்று சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு திமிராக நான் எங்கும் படியிறங்கியதில்லை.

செய்தி வெளியே கசிந்ததும் ஊரில் ஒரே கலவரம். எண்ணெய் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிடுமாமே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பக்கத்துத் தெருவரை யாரையோ ஏற்றிக்கொண்டு போய் வரும் பெரிய மனிதர்கள் ஒழுங்காக வண்டியைச் சூடாக்க ஆரம்பித்தார்கள். மாமனார் வண்டியை மருமகள் சந்தேகமாகப் பார்த்தாள். ஒரு காப்பீட்டுக் கம்பெனி, விபத்தான வண்டிகளையெல்லாம் கீழே இறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மனிதர்கள் சொன்னால் நம்பாதவர்கள் எண்ணெய் சொன்னால் நம்பத் தயாராக இருந்தார்கள்.

சோதனைக்குக் குறித்த காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. கொட்டகைக்கு வெளியே வண்டியைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். முன்பக்க விளக்கு உடைந்து, வயிறு தரையில் படிந்து கிடந்தது. புது பேட்டரி பொருத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் நான்கு அளவுகோல்களை நட்டேன். ஒவ்வொன்றிலும் யாரும் இல்லாவிட்டால் நிற்கும் உயரத்துக்கு வெள்ளைக் கோடு. ஓட்டுநர் மூலையில் தனிஸின் எடைக்கு ஒரு நீலக் கோடு, அதற்கு வெகு மேலே எம்.டி.யின் எடைக்கு ஒரு சிவப்புக் கோடு. மனிதர் நல்ல ஆகிருதி. பக்கத்து இருக்கையின் மூலையிலும் தனிஸுக்காக ஒரு நீலக் கோடு போட்டிருந்தேன்.

மாஜிஸ்திரேட் அம்மா காதுவரை ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்திருந்தார். லோகமணியின் கணவர் இராமலிங்கம் மப்ளரோடு ஓரமாக நின்றார். மூன்று வருடமாக என்னைக் கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிற மனிதர். இன்று உங்களுக்கு நியாயம் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எம்.டி. சால்வையைப் போர்த்திக்கொண்டு தம் வக்கீலோடு நின்று வாட்சைப் பார்த்தார்.

கிளப்பினார்கள். பம்ப் முனகியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வண்டி உடம்பை உதறுவதுபோல அசைந்து எழ ஆரம்பித்தது. ஓட்டுநர் மூலை வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. நீலக் கோட்டைத் தாண்டியது. வண்டி ஒரு தோளை மட்டும் தூக்கிக்கொண்டு கோணலாக எழுந்து, சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. அளவுகோலே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எம்.டி.யின் முகத்தைப் பார்த்தேன். அது வெளுத்துப்போயிருந்தது. அதைப் பார்க்கத்தான் நான் மூன்று வருடம் உயிரோடு இருந்தேன். ஆசை தீரப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் பக்கத்து மூலையைப் பார்த்தேன். அது வெள்ளைக் கோட்டில் நின்றது. கால் பழுதோ என்று குனிந்து பார்த்தேன். பழுதில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டும் வெள்ளைக் கோடு. மோதிய நொடியில் அந்த வண்டியில் ஒரே ஓர் ஆள்தான் இருந்திருக்கிறார்.

எம்.டி. என் பக்கத்தில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. தாழ்ந்த குரலில் பேசினார். கோபம்கூட இல்லை.

"மத்த மூணையும் படிச்சுச் சொல்லுங்க ஜெசிந்தா. அப்பதான் கதை முழுசாகும். உங்க தம்பி வண்டியிலயே இல்ல. நான் போன் பண்ணினப்புறம் பனியில நடந்தே வந்தான். எவ்வளவு வேணும்னு கேட்டேன். பணம் வேணாம் சார், எங்க அக்காவை உங்க லேப்ல எடுத்துக்குங்கன்னான். அவளுக்குத் தெரியக் கூடாதுன்னான். நான் வாக்குத் தவறல, அவனும் தவறல."

மனுவைப் பார்த்த பிறகுதான் நான் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு போன ஒவ்வொரு நாளும் அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவரைக் குழிதோண்டிப் புதைக்க நான் கற்ற ஒவ்வொரு பாடத்துக்கும் தனிஸ் உள்ளே உட்கார்ந்து விலை கொடுத்திருக்கிறான்.

ஹீட்டர் ஓட ஆரம்பித்தது. மாஜிஸ்திரேட் அம்மா, இடது முன் காலில் என்ன தெரிகிறது என்று கேட்டார்.

எனக்கு இருந்தது கொஞ்ச நேரம்தான். அந்தக் காலில் கசிவு, அதனால் பாரம் பதியவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் எம்.டி.யின் வக்கீல், ஒரு கால் கசிந்தால் மற்றக் காலை மட்டும் எப்படி நம்புவது என்பார். மொத்தமும் தள்ளுபடியாகும். இவர் சால்வையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போவார். உண்மையைச் சொன்னால் இவர் உள்ளே போவார். தனிஸோ ஒரு சாவை விலை பேசியவன் என்று ஊரெல்லாம் ஆகிவிடும், பொய்ச் சாட்சி வழக்கு தனியாக வரும். போஜன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எம்.டி. மறுபடி வாட்சைப் பார்த்தார்.

அந்த வாட்ச்தான். அவர் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ எனக்குத் தெரியாது.

"காலி," என்றேன். "பின்னாடி ரெண்டும் காலி. வண்டியில ஒருத்தர்தான் இருந்திருக்காரு. ஓட்டினவரு மட்டும்."

உண்மைக்காகச் சொன்னேன் என்று பிறகு பத்திரிகையில் எழுதினார்கள். இல்லை. அவர் தப்பிக்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். வண்டி மெல்ல இறங்கி நான்கு காலிலும் சமமாக நின்றது. எல்லோரும் எம்.டி.யைச் சூழ்ந்துகொண்டார்கள்.

இராமலிங்கம் மட்டும் என்னிடம் வந்தார். அவர் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"கொன்னவன் யாருன்னு காட்டிட்டீங்க, சரிம்மா. மூணு வருசமா நான் தப்பான ஆளைச் சபிச்சிட்டிருந்தேன். அவன் உள்ள உட்கார்ந்து அதைக் கேட்டுக்கிட்டு இருந்தான். என் சம்சாரம் செத்ததை வெச்சு உங்க வீட்டுக்கு ஒரு வேலை வாங்கியிருக்கீங்க," என்றார். எம்.டி. பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நான் வாங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மாதாமாதம் சம்பளம் வாங்கியவள் நான்தானே.

அடுத்த வாரம் சிறைக்குப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தனிஸ் வந்து உட்கார்ந்தான். செய்தி போயிருந்தது. விபத்து வழக்கிலிருந்து விடுவித்துவிடுவார்கள், பொய்ச் சாட்சிக்குத் தனியாகத் தண்டனை இருக்கும், எவ்வளவு என்று போஜனுக்கே தெரியவில்லை என்று சொன்னேன். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"வேலை என்னாச்சுக்கா?"

"விட்டுட்டேன். மனு போட்ட அன்னிக்கே."

"அவங்க நிறுத்தினாங்களா, நீயா விட்டியா?"

"நானாத்தான்," என்றேன். அட்டையை வீசியதை மட்டும் சொல்லவில்லை.

அவன் நகத்தால் கம்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப நான் உள்ள இருந்தது எதுக்குக்கா?" என்றான்.

உன்னைக் கேட்டேனா, எவனோ செய்த கொலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேனா என்று அவனை அறைய வேண்டும்போல இருந்தது, காலில் விழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கம்பிவலை இருந்தது. அவனுக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பில், என்னிடம் இருந்த ஒரே பொருளை எடுத்து நீட்டினேன்.

"அந்த ஆளுக்கு ஜாமீன் கிடைக்கல. இங்கதான் கொண்டுவந்திருக்காங்களாம். பார்த்தியா?"

"பார்த்தேன். சாப்பாட்டு வரிசையில எனக்கு முன்னாடி நின்னாரு. என்னைத் திரும்பிப் பார்த்து, உங்க அக்கா ரொம்பக் கெட்டிக்காரிப்பான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல," என்றான் தனிஸ். "அன்னிக்கு பனியில நின்னுக்கிட்டு அதைத்தானேக்கா நான் அவர்கிட்ட சொன்னேன். அவருக்கு இப்பதான் புரிஞ்சிருக்கு."